தலைவனுக்கும் ஒரு வேலி



அரசாங்கக் கருவூலத்தின் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றொன்று பொருளாளரிடம். அதிகாரி எவ்வளவு உயர்ந்தவராயினும் தனியே திறக்க இயலாது. இஃது அவரை ஐயுற்றுச் செய்த ஏற்பாடன்று. அவர் பெயரால் வேறொருவர் உள்ளே புகாதிருக்கச் செய்த ஏற்பாடு.

கணிப்பொறியிலும் இத்தகைய இரண்டாம் பூட்டு உண்டு. பொதுவாக, ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை அதன் உரிமையாளரே முடிவு செய்கிறார். தலைமைப் பயனருக்கோ தடையே இல்லை. இதற்கும் மேலாக, ஒவ்வொரு நிரலும் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று முன்னரே எழுதிவைத்த கொள்கையை இயங்குதளத்தின் கருவே நிறைவேற்றுமாயின், அதற்குக் கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்று பெயர். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.ஈ.லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. 2003-இல் அது லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றது. அதில் ஒவ்வொரு நிரலுக்கும் கோப்புக்கும் ஓர் அடையாளச் சீட்டு உண்டு.

இதன் அருமையை நான் ஒரு தவற்றினால் அறிந்தேன். ஓர் அலுவலகத்தின் வழங்கிக் கணிப்பொறியை நான் கவனித்து வந்தேன். பெயர் வழங்கியின் முகவரி அடங்கிய பிணைய அமைவுக் கோப்பை என் சொந்த அடைவில் எழுதி, உரிய இடத்துக்கு நகர்த்தினேன். நான் வினவினால் விடை வந்தது. ஆனால் இணையச் சேவை நிரலுக்கு விடை வரவில்லை. கோப்பின் அனுமதிகளில் குறையொன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் திகைத்தபின், நண்பர் ஒருவர் சொற்படி அந்தக் காவலையே நிறுத்தினேன். உடனே எல்லாம் இயங்கிற்று! அப்படியே விட்டுவிடவும் எண்ணினேன்.

அங்கிருந்த மூத்தவர் ஒருவர் கேட்டார்: “நோயைத் தீர்த்தீரா, நோயைச் சொன்ன வாயை அடைத்தீரா?”

நாணத்துடன் தணிக்கைப் பதிவேட்டைப் படித்தேன். காரணம் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நகர்த்திய கோப்பு தன் பழைய வீட்டுச் சீட்டையே சுமந்து வந்திருந்தது. இணையச் சேவை நிரலுக்கு வீட்டுக் கோப்புகளைப் படிக்க உரிமை இல்லை. ஒரே கட்டளையில் சீட்டைச் சரிசெய்து, காவலை மீண்டும் நிறுவினேன்.

அதனை நிறுத்தியே வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 2014 செப்டம்பரில் ‘ஷெல்ஷாக்’ என்னும் குறை வெளிப்பட்டது. பிணைய முகவரி கேட்டுப் பெறும் டி.எச்.சி.பி. நிரல் தலைமைப் பயனரின் உரிமையோடு இயங்குவது. வந்த விடையைப் பல அமைப்புகளில் ‘பாஷ்’ என்னும் கட்டளை நிரலிடம் ஒப்படைப்பது. அதே பிணையத்தில் ஒளிந்திருக்கும் வஞ்சகன், விடைக்குள் ஒரு கட்டளையைப் பொதிந்து அனுப்பினால், பாஷ் அதனையும் நிறைவேற்றிவிடும்! கொள்கை அந்தக் குறையை நீக்காது. ஆனால் புகுந்தவன் எட்டும் தொலைவைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பது கொள்கை எவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. பிணையத்தை அமைக்கும் கருவி பலவற்றையும் தொட்டே தீரவேண்டும். ஆகவே அதற்கு வேலி வகுப்பது கடினம். அதற்கே வேலி மிகவும் தேவை.

நாளை நீங்களும் கணிப்பொறிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்கலாம். காவல் உங்களைத் தடுக்கும்போது சினந்து அதனை அகற்றாதீர்கள். ஏன் தடுத்தது என்று முதலில் கேளுங்கள்.