பழைய வண்டியும் புதிய விளக்கும்

எங்கள் வீட்டில் பழைய அம்பாஸடர் மோட்டார் ஒன்று உண்டு; 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஓரிரவு அதில் நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மயிலாடியைக் கடந்ததும், சைக்கிளைத் தள்ளிச் சென்ற முதியவர் ஒருவர், மிக அருகில் நெருங்கிய பிறகே கண்ணுக்குப் புலப்பட்டார். பிரேக் பிடித்தது; அவர் பிழைத்தார், நானும் பிழைத்தேன். மறுநாளே விளக்கை மாற்றத் துணிந்தேன்.

ஆனால் மாணவர்களே, குற்றம் பல்பில் மட்டும் இல்லை. நைந்த கம்பிகளையும் ஸ்விட்சையும் கடந்து வருவதற்குள் 12 வோல்ட் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகையால் முதலில் தடித்த கம்பியும் ரிலேயும் பொருத்தி, பாட்டரியிலிருந்து மின்சாரத்தை நேரே கொண்டுவந்தோம். அதன் பின்னரே 60/55 வாட் ஹாலோஜன் பல்பு. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை அதனுள் இருக்கும் ஹாலோஜன் வாயு மீண்டும் இழையிடமே சேர்ப்பதால், பல்பின் கண்ணாடி கறுப்பதில்லை.

நண்பர் ஒருவர் நூறு வாட் போடச் சொன்னார். எதிரே வருபவரும் வீடு போய்ச் சேர வேண்டாமா? வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, தாழ்ந்த ஒளி எவர் கண்ணிலும் பாயாதபடி திருகித் திருகிச் சரிசெய்தோம். வேலையில் பாதி நேரம் அதற்கே சென்றது. அன்றிரவு அதே சாலையில், மைல்கல்லின் எழுத்துக்களைத் தொலைவிலிருந்தே படித்தேன்.