வம்சமா, வெற்றிலைப் பெட்டியா?



புற்றுநோய்க்குப் பெரிதும் காரணம் பரம்பரையா, வாழும் முறையா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "சுரை விதை போட்டா அவரையா முளைக்கும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஐயா, விதை சரி. எந்த மண்ணுல போட்டீங்க, என்ன தண்ணி ஊத்தினீங்கன்னு கேட்க வேண்டாமா?

நம்ம ஊர் வாய்ப்புற்றையே எடுத்துக்குங்க. வெற்றிலை போடுறவங்க புகையிலையைக் கன்னத்துல ஒரு பக்கமா ஒதுக்கி வச்சுக்குவாங்க. சிலருக்கு இடது கன்னம், சிலருக்கு வலது. எந்தப் பக்கம் ஒதுக்குறாங்களோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்துலதான் புண்ணும் வருது. பரம்பரைக்கு இடது எது, வலது எதுன்னு தெரியுமா நடுவர் அவர்களே? (கைதட்டல்)

"நான் புகையிலை தொடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள் சிலர். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் சொல்லிவிட்டது.

ஒரே வீட்டுல மூணு பேருக்கு வந்துட்டா, உடனே 'வம்ச நோய்' என்கிறோம். அந்த மூணு பேரும் ஒரே வெற்றிலைப் பெட்டியில கைவிட்டவங்க என்பதை மறந்துடுறோம். தாத்தா விட்டுப் போனது நிலமும் வீடும் மட்டுமல்ல, அந்தப் பெட்டியும்தான்!

ஜப்பானைப் பாருங்கள. அங்கே வயிற்றுப் புற்று அதிகம். உப்பில் ஊறிய மீன், ஊறிய காய் எல்லாம் அதற்கு ஒரு காரணம். அங்கிருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு வயிற்றுப் புற்று குறைந்தது. குடல் புற்றும் மார்பகப் புற்றும் கூடின. ரத்தம் அதே ஜப்பானிய ரத்தம். மாறினது தட்டு! 1775-இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர், புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு மறைவிடத்தில் வந்த புற்றுக்குக் கரிதான் காரணம் என்றார். அவங்க எல்லாரும் ஒரே தாத்தாவுக்குப் பேரன்களா?

"எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் புகைச்சார், கல்லு மாதிரி இருந்தார்" என்பீர்கள். கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைக் கடந்து பிழைச்சவரும் உண்டுங்க. பிழைச்சவர் கதை சொல்றார். மத்தவங்க வந்து சொல்ல முடியாதே!

பரம்பரையே இல்லைன்னு நான் சொல்லலை. 100 புற்றுநோய்களில் 5 முதல் 10 வரை அப்படி வருபவைதான். அம்மா, சித்தி, பாட்டி என்று ஒரே வழியில், இளம் வயதிலேயே மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால், பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் கோளாறு இருக்கலாம். அது அப்பா வழியாகவும் வரும். அந்தக் குடும்பம் மருத்துவரிடம் போய் முன்கூட்டியே சோதித்துக் கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மார்பகப் புற்று வருகிற பெண்களில் பெரும்பாலோர் வீட்டில் அதற்கு முன்னால் யாருக்குமே வந்ததில்லை. "எங்க வம்சத்துல கிடையாது, எனக்கு எதுக்குப் பரிசோதனை?" என்று இருந்துவிடுகிறவர்களும் இவர்கள்தான்.

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லலைங்க. மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுது. வலியில்லை. அந்தத் தாய் என்ன நினைக்கிறாள்? "வெளியே தெரிஞ்சா வம்ச நோயும்பாங்க, பொண்ணைக் கட்ட யார் வருவா? கல்யாணம் முடியட்டும்." கல்யாணம் முடியுது. கட்டி காத்திருக்குமா? ஆரம்பத்துலேயே போயிருந்தா குணப்படுத்தியிருக்கக் கூடிய நோய். அவளை வாய் திறக்க விடாமல் செய்தது எதிரணி தூக்கிப் பிடிக்கிற அந்த ஒரு வார்த்தை!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். எங்க குடும்பத்து விதி என்று மூலையில் உட்கார்ந்திருந்தால், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்திருக்குமா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்த இடது கன்னத்துக்குப் பதில் சொல்லிட்டு மேலே பேசட்டும்.