முதியோர் தர்மமும் அதன் வரவு செலவும்

(காஞ்சிபுரத்தைச் சார்ந்த ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்திய பிரசங்கம்)



ஐக்கிய சங்கத்தாரிடம் பேச வருகிறவர்கள் சாதாரணமாகக் கடனைப்பற்றியும், தவணையைப்பற்றியும், நூல் விலையைப்பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. வேலை செய்யச் சக்தியற்றுப்போன முதியோரை ஆதரிக்கும் தர்மம் ஒன்று நம் ஊரில் நடக்கவேண்டுமானால், அதற்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும், வந்த பணம் எவ்வாறு நிற்கவேண்டும் என்பதே அது. இரக்கத்தைப்பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. இரக்கம் இவ்வூரில் என்றும் குறைந்ததில்லை. கணக்கைப்பற்றியே பேசப்போகிறேன்.

நெசவாளரின் முதுமை

காஞ்சிப் பட்டின் பெருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2005-06-ஆம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று விற்கலாகாது என்று துணிக்கு ஒரு காப்பு ஏற்பட்டது. அதை நெய்த கைகளுக்கு என்ன காப்பு என்பதே கேள்வி.

குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்வதற்கு நெய்பவர் ஒருவரும், கரை நாடாவைத் தள்ளத் துணையாள் ஒருவரும் வேண்டும். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. நாளுக்கு இவ்வளவு என்றன்று. ஆகவே கண் மங்கி, முழங்கால் பிடித்து, பத்து நாளில் அறுத்த சேலை இருபது நாளாகும்பொழுது, உழைக்கும் நாள் ஒன்றுகூடக் குறையாமலே கூலி பாதியாகிவிடுகிறது. பிறகு துணையாளுக்குக் கொடுக்கக் கட்டாமல் தறி நின்றுவிடுகிறது. சங்கத்தில் சேர்ந்து நெய்தவருக்குச் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. சங்கத்திற்கு வெளியே முதலாளியிடம் கூலிக்கு நெய்தவருக்கும், நூல் சுற்றியே காலங்கழித்த கிழவிக்கும் அத்தகைய சேமிப்பு பெரும்பாலும் இராது.

சர்க்கார் உதவி இல்லாமலில்லை. இந்த ராஜ்யத்தில் முதியோர் பென்ஷன் 1962-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், மாதம் 20 ரூபாய் என்று தொடங்கிற்று. 2023-ஆம் வருஷத்தில் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 40 ரூபாய். சமைத்துப்போடப் பிள்ளையோ பெண்ணோ உள்ள வீட்டில் அது பேருதவி. ஒருவருமற்ற கிழவருக்கு அது மருந்துக்குக் காணும், அல்லது சோற்றுக்குக் காணும், இரண்டுக்கும் காணாது. 2007-ஆம் வருஷத்து மத்திய சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளின்மேல் சுமத்தியிருக்கிறது. பிள்ளையே இல்லாதவரும், பிள்ளையும் வறியவனாயிருப்பவரும் அச்சட்டத்தால் அதிகப் பயனடைய வழியில்லை. எஞ்சி நிற்கும் இவர்களுக்காகவே ஊர்த் தர்மம் வேண்டும்.

காஞ்சியில் கண்ட முன்மாதிரி

இத்தகைய நிதியை நடத்துவது நமக்குப் புதிதென்று நினைக்கவேண்டாம். சென்னை அருங்காட்சிசாலையில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடுகள் இருக்கின்றன. அவை பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. காஞ்சியில் ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்குரிய பொன், நகரத்துச் சேரிகளில் வாழ்ந்தவர்களிடம் வட்டிக்கு விடப்பட்டதையும், அந்த வட்டி இன்னின்ன செலவுக்கு என்று வகுக்கப்பட்டதையும் அவை கூறுகின்றன. மேற்பார்வை நெசவாளரிடமே ஒப்புவிக்கப்பட்டது. வருஷந்தோறும் கணக்கைச் சோதிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. முதல் தனி, வட்டி தனி, மேற்பார்வை தனி, தணிக்கை தனி என்ற நான்கும் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே இவ்வூர் நெசவாளருக்குத் தெரிந்திருந்தன.

1904-ஆம் வருஷத்தில் இந்தியாவின் முதல் ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டது. அவ்வருஷம் அக்டோபர் மாதத்திலேயே பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நகர நாணய சங்கம் பதிவாயிற்று. தேசத்திலேயே முதலில் பதிவான நகர நாணய சங்கம் என்று அதைச் சொல்லுகிறார்கள். கூட்டாகப் பணம் சேர்த்துக் கூட்டாகக் காக்கும் வித்தையை மற்ற ஊரார் நம்மிடம் வந்து கற்றார்கள் என்றாலும் மிகையாகாது.

கணக்கில்லாத தர்மத்துக்கு என்ன நேரும் என்பதற்கும் இந்நாட்டில் திருஷ்டாந்தம் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-ஆம் வருஷத்தில் தம் பெருஞ்செல்வத்தைத் தர்மத்துக்கு எழுதிவைத்துக் காலஞ்சென்றார். உயில் இருந்தது, பணமும் இருந்தது, ஆயினும் நிதி நெடுங்காலம் வழக்கிலும் பிறர் கையிலும் சிக்கிக் கிடந்தது. சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு மீட்ட பிறகே 1842-ஆம் வருஷத்தில் அவர் பெயரால் சென்னையில் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பின்னர் காஞ்சியிலும் ஏற்பட்டது. கொடுத்தவர் மறைந்து ஏறக்குறைய ஐம்பது வருஷங்கள்! பள்ளிக்கூடம் ஐம்பது வருஷம் காத்திருக்கலாம். எழுபது வயதுக் கிழவர் ஐம்பது நாள்கூடக் காத்திருக்க முடியாது.

செலவு எங்கே போகிறது

முதியோர் இல்லம் ஒன்றின் மாதச் செலவைச் சற்று ஆராய்வோம். இது ஒரு குறிப்பிட்ட இல்லத்தின் கணக்கன்று. நாம் யோசிப்பதற்காகப் போட்ட கணக்கு. இருபத்தைந்து முதியோர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆகாரச் செலவு 100 ரூபாய் வீதம் மாதத்துக்கு 75,000 ரூபாய். சமையற்காரர், பகலிலும் இரவிலும் பணிவிடை செய்வோர், காவலர் ஆக ஆறு பேருக்கு 12,000 ரூபாய் வீதம் 72,000 ரூபாய். மருந்துக்கும் வைத்தியருக்கும் தலைக்கு 1,000 வீதம் 25,000 ரூபாய். மின்சாரம், தண்ணீர், துணி வெளுப்பு, கட்டிட ரிப்பேர் முதலியவற்றுக்கு 28,000 ரூபாய். ஆகமொத்தம் மாதம் 2,00,000. வருஷத்துக்கு 24 லட்சம்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. ஆகாரச் செலவு மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆனால் ஜனங்கள் கொடுக்க விரும்புவது ஆகாரத்துக்கே. பிறந்தநாள், திதி, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ஒரே நாளில் மூவர் பாயசத்துடன் வந்து நிற்பார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார். புதுப் புடவையும் வேஷ்டியும் பெட்டி நிறையச் சேரும். படுக்கையில் கிடக்கும் கிழவியை இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப்போடுகிற பணிப்பெண்ணின் சம்பளத்துக்கென்று மனமுவந்து கொடுத்தவர் மிகச் சிலர். அப்பணிப்பெண் இல்லையேல் முதுகில் புண் வரும்; பாயசம் அதை ஆற்றாது.

கருட சேவைக்குக் கூடும் கூட்டத்துக்கு வீதிக்கு வீதி மோரும் சோறும் கொடுக்கிற ஊர் இது. 2019-ஆம் வருஷத்தில் அத்திவரதர் நாற்பத்தெட்டு நாள் தரிசனம் கொடுத்தபொழுது, எங்கிருந்தோ வந்த லட்சக்கணக்கானோர் அன்னதானத்தில் பசியாறினார்கள். அது நம் ஊருக்குப் பெருமை. ஆனால் அத்திவரதர் அதற்குமுன் எழுந்தருளியது 1979-ஆம் வருஷத்தில். உற்சவத் தர்மம் வேறு. நித்திய தர்மம் வேறு. முதியோர் தர்மம் நித்திய தர்மம்.

பணம் வரும் வழிகள்

முதலாவது, ஸ்திர நிதி. முதலைத் தொடாமல் வட்டியில் நடத்துவது. இது மிக உறுதியானது என்பது பொது அபிப்பிராயம். மேற்சொன்ன இல்லத்தை வட்டியினால் மட்டும் நடத்த, நூற்றுக்கு ஆறு வட்டி வீதம், 4 கோடி ரூபாய் முதல் வேண்டும். அன்றியும், விலைவாசி ஏறும், வட்டி ஏறாது. 1962-இல் 20 ரூபாயாயிருந்த பென்ஷன் 1,200 ஆனதே இதற்குச் சாட்சி. அந்நாளில் ஒருவரைப் போஷிக்க மாதம் 20 ரூபாய் வட்டி வருமாறு ஒரு புண்ணியவான் கட்டளை வைத்திருந்தால், அக்கட்டளை இன்று ஒரு வேளைச் சோற்றுக்கும் காணாது. முதல் அழியாமலிருந்தும் தர்மம் அழிந்துபோகும் விதம் இதுதான். ஆகவே வட்டி முழுவதையும் செலவு செய்யாமல், அதில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்கவேண்டும்.

இரண்டாவது, அன்றன்று திரட்டுவது. 1839-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தில் ழான் ழுகான் என்னும் மாது, கண் தெரியாத ஒரு கிழவியைத் தம் கட்டிலில் படுக்கவைத்துத் தொடங்கிய கன்னியர் சபை, நிலையான வருமானம் வேண்டாமென்று மறுத்து, வீடுவீடாகவும் கடைகடையாகவும் திரட்டியே முதியோரைக் காத்துவருகிறது. 1882-ஆம் வருஷத்தில் அச்சபை கல்கத்தாவுக்கும் வந்தது. நம் காஞ்சிப் பெரியவர்கள் ஊக்குவித்த பிடி அரிசித் திட்டமும் இவ்வழியைச் சேர்ந்ததே. ஒரு பிடி சுமார் 40 கிராம் என்று கொண்டால், 200 வீடுகளின் பிடி அரிசி நாளொன்றுக்கு 8 கிலோ ஆகும். இருபத்தைந்து பேருக்கு அது தாராளமாய்ப் போதும். இவ்வழியின் குணம், கொடுப்பவர் தர்மத்தைத் தினந்தோறும் நினைத்துக்கொள்வது. இதன் குறை, திரட்டுகிறவர் ஓய்ந்தால் வரவும் ஓய்வது.

மூன்றாவது, சர்க்கார் மானியம். முதியோர் இல்லங்களை நடத்துவோருக்கு மானியம் கொடுக்க மத்திய சர்க்கார் 1992-ஆம் வருஷத்தில் ஒரு திட்டம் ஏற்படுத்திற்று. சென்னை ராயபுரத்தில் 1782-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் கஞ்சி வார்க்கத் தொடங்கிப் பின்னர் முதியோர் புகலிடமாக விளங்கிய மணியக்காரர் சத்திரம், பொதுஜன உதவியும் சர்க்கார் ஆதரவும் கைகோத்தால் ஒரு தர்மம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைக் காட்டுகிறது. மானியம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது தணிக்கையான கணக்கைப் பார்த்த பிறகே வரும். வருமட்டும் அடுப்பு எரியவேண்டும். மானியத்தையே முதல் வருமானமாக நம்பிய இல்லம், வயலை நம்பாமல் இடியை நம்பிய குடியானவனைப் போன்றது.

நான்காவது, மாதச் சந்தா. இதுவே நம் சங்கத்தாருக்கு ஏற்றது. மாதம் 100 ரூபாய் வீதம் 2,000 பேர் கொடுத்தால் அந்த 2,00,000 ரூபாய் வந்துவிட்டது. நகரத்துச் சங்கங்களும், ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய சுற்றுக் கிராமத்தாரும் சேர்ந்தால் 2,000 பேர் எட்டாத எண்ணிக்கையன்று. ஒரு பெரிய மனிதர் கைவிட்டால் தர்மம் விழும். இரண்டாயிரம் பேரில் இருபது பேர் தவறினால் 2,000 ரூபாய்தான் குறையும்.

மூன்று பேரேடுகள்

பணம் வந்தபின் அதை மூன்றாகப் பிரித்து வைக்கவேண்டும். நித்தியச் செலவுக்கு ஒன்று, ஸ்திர நிதிக்கு ஒன்று, கட்டிடத்துக்கு ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்று கூடாது. நித்தியப் பணத்தை எடுத்துப் பெயர் பொறித்த கல்லோடு மண்டபம் கட்டிவிட்டு, பிறகு மண்டபத்தில் இருப்பவர்களுக்குச் சம்பளமும் மருந்தும் இல்லாமல் தவிப்பது பல இடங்களிலும் நேர்வது. இவை தவிர மூன்று மாதச் செலவு, நம் கணக்கின்படி 6 லட்சம், எந்நேரமும் பாங்கியில் கையிருப்பாக இருக்கவேண்டும்.

ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். அரிசியாக வந்தாலும் எடைபோட்டு வரவு வைக்கவேண்டும். மாதந்தோறும் வரவு செலவை இல்லத்தின் வாசலில் ஒட்டிவைக்கவேண்டும். அன்னமிட விரும்புகிறவர்கள் பார்க்கும்படி, எந்தெந்த நாள் காலியாக இருக்கிறது என்று பலகையில் எழுதிவைத்தால், ஒரே நாளில் மூவர் வருவதும் ஒருவரும் வராததும் குறையும். வருமான வரிச் சலுகையைக் கோரும் தர்ம ஸ்தாபனம் முறையாகப் பதிவாகியிருக்கவேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குக் கொடுத்தவர் அச்சலுகையைப் பெற முடியாது. ஆகவே பெருந்தொகைகளைப் பாங்கி மூலமே வாங்குவது நலம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

1912-ஆம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டத்திலேயே ஒரு நல்ல விதி இருந்தது. நிகர லாபத்தில் கால் பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பிறகு, மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல், ரிஜிஸ்திரார் அனுமதியுடன் தர்மத்துக்குக் கொடுக்கலாம் என்பது அது. ஒரு லட்சம் ரூபாய் லாபமானால் 25,000 சேமநிதிக்கு. மீதி 75,000-இல் 7,500 வரை தர்மத்துக்கு. முதலில் சங்கத்தின் பலம், பிறகு தர்மம் என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள். தன் காலில் நிற்காத சங்கம் பிறரைத் தாங்க முடியாது. தமிழ்நாட்டில் 1983-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நடக்கும் சங்கங்கள், தங்கள் துணை விதிகளைப் பார்த்து, அதிகாரிகளின் அனுமதி பெற்று, எவ்வளவு ஒதுக்கலாம் என்று நிர்ணயிக்கவேண்டும்.

பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. பேரேடு எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள். மகாஜனக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கப் பழகியவர்கள் நீங்கள். இரண்டு அங்கத்தினர் மாதம் ஒரு நாள் இல்லத்துக்குச் சென்று கணக்கைப் பார்ப்பதோடு, படுக்கையையும் பார்த்து, முதியோரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தால், அதற்கு மேற்பட்ட தணிக்கை இல்லை.

நண்பர்களே, இதை நாம் பிறருக்குச் செய்யும் உபகாரமென்று எண்ணவேண்டாம். இன்று தறியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சேலை அறுக்கும் நாள் நீண்டுகொண்டே போகும் காலம் ஒன்று வரும். பாவு தீருமுன்பே அடுத்த பாவுக்கு ஏற்பாடு செய்பவரே நெசவாளர். கைகளில் வலுவிருக்கும்பொழுதே இந்த ஏற்பாட்டையும் செய்துவைக்குமாறும், வருகிற பொதுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறும் உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.