வீட்டுக் கடனுக்குக் கையெழுத்திடுமுன்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்தின் வீடு. வேலை உள்ளவரைதான் அதில் நமக்கு இடம். ஆகவே சொந்த வீடு நமக்கு ஆடம்பரமன்று. முதுமைக்கு வேண்டிய கூரை. கடன் இல்லாமல் அதை வாங்க நம்மில் பெரும்பாலோருக்கு வழியில்லை. எந்தக் கடன், எத்தனை ஆண்டு என்பதே கேள்வி.

வங்கிகள் தரும் வீட்டுக் கடனில் மூன்று வகை முக்கியமானவை.

முதலாவது சாதாரணத் தவணைக் கடன். மாதந்தோறும் குறித்த தொகையைக் கட்டிவர வேண்டும். கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திரும்ப எடுப்பது எளிதன்று.

இரண்டாவது, நடப்புக் கணக்கோடு இணைந்த கடன். கணக்கில் மிச்சப் பணம் கிடந்தால் அதற்கேற்ப வட்டி குறையும். வேண்டும்போது அப்பணத்தை எடுக்கலாம். கையில் பணம் புழங்கும் வியாபாரிக்கு இது ஏற்றது. மழை பெய்தால் பால்வெட்டின்றிக் கூலி குறையும் நமக்கு இதனால் பயன் குறைவு.

மூன்றாவது இஸ்லாமிய முறைக் கடன். எல்லா மதத்தினரும் பெறலாம். வட்டிக்குப் பதிலாக இலாபம் என்பார்கள். இலாப விகிதம் ஏறி இறங்கும் கடனானால், அது எட்டக்கூடிய உச்ச அளவு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும்.

எவ்வகையாயினும், வட்டி நிலையானதா, மாறுவதா என்று கேளுங்கள். 2022 மே மாதத்திலிருந்து 2023 மே மாதத்திற்குள் பேங்க் நெகாரா தன் வட்டி விகிதத்தை 1.75 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டிற்கு உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களின் சுமையும் ஏறியது. ஒரு இலட்சம் வெள்ளியை 30 ஆண்டுக்கு வாங்கினால், ஆண்டு வட்டி 4 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறத்தாழ 477 வெள்ளி. 5 விழுக்காட்டில் 537 வெள்ளி. அந்த 60 வெள்ளி ஒரு குடும்பத்தின் அரிசிக் காசல்லவா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அதே ஒரு இலட்சம், அதே 4 விழுக்காடு. 35 ஆண்டானால் மாதம் 443 வெள்ளி. 20 ஆண்டானால் 606 வெள்ளி. முன்னது இலகுவாய்த் தோன்றும். ஆனால் முடிவில் 40,000 வெள்ளிக்கு மேல் அதிகமாகக் கட்டியிருப்போம்.

வயதையும் மறவாதீர்கள். 40 வயதில் 30 ஆண்டுக் கடன் எடுத்தால் 70 வயதுவரை கட்ட வேண்டும். கூலியோ 60 வயதில் நின்றுவிடும். அதற்குப்பின் யார் கட்டுவது? பிள்ளைகளின் தலையிலா சுமத்துவது?

முன்பணத்திற்கு வட்டிக்காரரிடம் போகாதீர்கள். 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டவர்களின் ஊழியர் சேமநிதிச் சந்தாவில் 15 விழுக்காடு 'செஜாத்ரா' கணக்கில் சேர்கிறது. வீடு வாங்கவும், வீட்டுக் கடனைக் குறைக்கவும் அதிலிருந்து எடுக்கலாம். சம்பளச் சீட்டில்லாத சிறு தொழில் செய்யும் பிள்ளைகளுக்கு, அரசாங்கத்தின் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டமும் உண்டு.

ஆகவே, கையெழுத்திடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் தவணை எவ்வளவு? எனது எந்த வயதில் கடன் தீரும்? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா?

கடன் பத்திரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். அதைப் படித்து விளக்குவது கிராணிமாராகிய எங்கள் கடமை. கூச்சப்படாமல் கொண்டு வாருங்கள். புரியாத தாளில் எவரும் கையெழுத்திட வேண்டாம்.