படைச் சொற்கள் குடிபுகுந்த கதை

(மாகறலில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் மாகறல். சேயாற்றங்கரையின் அமைதி சூழ்ந்த இவ்வூரில் போர்ச் சொற்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். பொருந்தும். காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரில், 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தது. காஞ்சியில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உரிய வேளையில் உதவிக்குச் சென்று சேரவில்லை. பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. படைகள் வந்தன, போயின. அவற்றோடு வந்த சொற்களோ போகாமல் இங்கேயே குடியேறிவிட்டன.

சிப்பாய் பாரசீகத்திலிருந்து வந்த சொல். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது. பீரங்கி, ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி' என்னும் பெயரோடு உறவுடையது. பட்டாளம் ஐரோப்பியர் தந்த சொல். பட்டாளம் வருகிறது என்றால் ஒரு காலத்தில் ஊர் கதவடைத்தது. இன்றோ பேரப்பிள்ளைகள் திரண்டு வந்தால், "பிள்ளைப் பட்டாளம் வந்துவிட்டது" என்று பாட்டி மகிழ்கிறாள். பாளையம் என்பது படை தங்கும் இடம். இன்று காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் கேட்பது தறியோசை. ஏழு புறத்திணைகளுள் வெற்றிக்கு உரியது வாகை. இன்று ஊராட்சித் தேர்தலில் வென்றவரும் செய்தித்தாளில் வாகை சூடுகிறார். மக்கள் வாய்க்குள் புகுந்த படைச்சொல் தன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிடுகிறது என்பதற்கு இவை சான்று.

பிற மொழிகளிலும் இதே நிலைதான். ரேடார் என்பது 1940இல் அமெரிக்கக் கடற்படையினர் ஒரு நீண்ட தொடரின் எழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய பெயர். அச்சகத்திலும் அலுவலகத்திலும் வழங்கும் டெட்லைன், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கைதிகள் தாண்டினால் சுட்டுக் கொல்லப்படுவர் என வரையப்பட்ட எல்லைக்கோடு. கட்டுரை தரத் தாமதிக்கும் எழுத்தாளர் எவரும் அந்தக் கோட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

எனினும் எல்லாச் சொற்களும் இவ்வாறு சாந்தம் அடைவதில்லை. ஈழத்துப் பேச்சு வழக்கு இதற்குத் துயரமான சான்று. இலங்கையில் போர் நிகழ்ந்த ஆண்டுகளில் அங்கே ஆமி, ஷெல்லடி, பங்கர், சென்றி, சுற்றிவளைப்பு என்பன வீட்டுச் சொற்களாயின. வானில் பறந்த கிபீர் விமானத்தின் பெயரைச் சிறுவரும் அறிந்திருந்தனர். தஞ்சாவூரில் தலையாட்டி என்பது ஒரு பொம்மை. குழந்தையைச் சிரிக்க வைப்பது. ஈழத்திலோ, சுற்றிவளைப்பின்போது முகம் மூடி நிறுத்தப்பட்டு, வரிசையில் வருபவரைப் பார்த்துத் தலையசைத்துக் காட்டிக் கொடுப்பவன் தலையாட்டி. அவன் தலை அசைந்தால் ஓர் இளைஞன் வீடு திரும்பமாட்டான். சொல் ஒன்றே, கடலின் இரு கரையில் இரு பொருள்.

முகாம் என்னும் அரபுச் சொல்லும் அத்தகையதே. கண் சிகிச்சைக்கும் முகாம், இரத்த தானத்திற்கும் முகாம். 2009இல் போர் முடிந்தபோது இலட்சக்கணக்கான மக்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட இடமும் முகாமே. தமிழகத்தில் 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. அகதி என்னும் சொல் நீங்கியது நன்றே. முகாம் என்னும் சொல் நீங்கும் நாள் இன்னும் வரவில்லை.

சில சொற்கள் ஆயுதத்தை மறைப்பதற்கென்றே வருகின்றன. எதிர்ப்படுதல் என்று மட்டுமே பொருள்படும் என்கவுன்ட்டர், காவலரின் குண்டுக்கு ஒருவர் பலியானதை நாளேட்டில் நாகரிகமாக அறிவிக்கிறது. கொன்றவர், கொல்லப்பட்டவர் இருவருமே அச்சொல்லில் இல்லை. பாட்டியின் பட்டாளம் அச்சத்தை வென்ற சொல். என்கவுன்ட்டர் அச்சத்தை ஒளித்த சொல். முன்னதை ஆக்கியவர் மக்கள். பின்னதை ஆக்கியது அதிகாரம். இவ்வேறுபாட்டை உணர்த்துவதே இலக்கியத்தின் கடமை.

அதிகாரத்தின் சொல்லை மக்கள் திருத்தியதும் உண்டு. இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அலுவலகத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள்' என்றே குறிக்கிறது. பிள்ளைகள் தாமாகவே எங்கோ போய்விட்டதைப் போன்ற சொல் அது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் அதனை ஏற்கவில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதே அவர்கள் ஏந்திய சொல். இலக்கண நூலார் இதனைச் செயப்பாட்டு வினை என்று கூறி அமைவர். ஆக்கப்பட்டோர் என்றால் ஆக்கியவர் யார் என்னும் வினா அச்சொல்லிலேயே எழுந்து நிற்கிறது. 'போன' என்பதை 'ஆக்கப்பட்ட' என மாற்றியதன்றி அவர்கள் கையில் வேறு படை இல்லை. அவ்வினாவுக்கு விடை இன்னும் வரவில்லை. விடை வரும்வரை அச்சொல்லை மழுங்கவிடாமல் காப்பது தமிழ் எழுதும் ஒவ்வொருவருக்கும் உரிய பணியாகும்.