மலை தந்த பச்சிலை



கரமனையில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவ்வூரைத் தழுவி ஓடும் கரமனையாறு அகத்தியமலையை அடுத்த காடுகளில் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து இறங்குகிறது. திருவனந்தபுரம் நகரத்தார் பருகுவது அந்நீரே. சளிக்குத் தூதுவளை, செரியாமைக்கு ஓமம் என்று எம்மாநிலத்திற்குச் சென்றாலும் கைவைத்தியத்தைக் கைவிடாத நாம், அந்த மலைக்காடுகள் தந்த மற்றொரு கொடையையும் அறிதல் வேண்டும்.

1987-ஆம் ஆண்டில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆராய்ச்சியாளர் சிலர் அக்காட்டிற்குள் சென்றனர். ஏற்றத்தில் அவர்கள் களைத்து அமர்ந்தனர். வழிகாட்டிய காணிப் பழங்குடியினரோ சோர்வின்றி நடந்தனர். இடையிடையே ஏதோ சிறு பழங்களை அவர்கள் மென்றதைக் கண்டு, அஃது யாதென வினவினர். உடனே விடை கிடைக்கவில்லை. முன்னோர் மறைத்துக் காத்த செல்வம் அல்லவா! பின்னரே மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி முதலியோர் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

காணிகள் உண்டது பழத்தை. ஆராய்ச்சி தேர்ந்ததோ இலையை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தார் அவ்விலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைக் கூட்டி ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். பின்னைய மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பனவே. களைப்பகற்றும் ஊட்டமருந்தாக அது விற்பனைக்கு வந்தது. சகலரோக நிவாரணி என்று எவரும் மயங்க வேண்டா.

கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 100-க்கு 2 விழுக்காட்டிற்கும் அதன் உரிமத்தைப் பெற்றது. இவற்றில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. காட்டறிவுக்கு விலை கொடுத்த இச்செயலை உலகநாடுகள் வியந்து பேசின. நாமும் பாராட்டுகிறோம், எனினும் ஒன்று உறுத்துகிறது. காணிகளின் அறக்கட்டளை பதிவானது 1997-இல்; உரிமம் கைமாறியதோ அதற்கு முன்பே. உரியவர்களின் சார்பில் பேச ஓர் அமைப்பு தோன்றுமுன் பங்கு வகுத்தாயிற்று! எங்களைக் கேட்டீர்களா என்று வேறு குடியிருப்புகளின் காணிகள் வினவியதில் வியப்பில்லை.

இலைக்கும் இடர் வந்தது. காணிகள் செடியைப் பயிரிட முனைந்தபோது, காப்புக்காட்டுச் சட்டத்தைக் காட்டி வனத்துறை தடுத்தது. சமவெளியில் நட்டால் செடி வளரக்கூடும். ஆனால் மலைநிழலில் விளைந்த இலையின் குணம் அதில் குறையாமல் அமைவது அரிது என்பர். ஆகவே மருந்து வேண்டுவோர்க்குக் காடும் வேண்டும், அக்காட்டில் காணியும் வேண்டும்.