விட்ட பிறகும் விடாத ஆசை

(எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"அண்ணை, சிகரட்டை விடுகிறது எப்பிடி எண்டு ஒரு கால் மணித்தியாலம் பேசுங்கோ" என்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்டார். "தம்பி, விடுகிறதைப் பற்றிப் பேச கனபேர் இருக்கினம். விட்ட பிறகு வாற ஆசையைப் பற்றித்தான் ஒருதரும் வாய் திறக்கிறதில்லை. நான் அதைப் பற்றிப் பேசுறன்" என்றேன். அவரும் சம்மதித்தார்.

நான் 21 வருடங்கள் சிகரட் பிடித்தவன். 2008 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒன்றையும் தொடவில்லை. ஆனாலும் இன்றைக்கும் வருடத்தில் நாலைந்து தடவை அந்த ஆசை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஏனென்றால் இது வெட்கப்படவேண்டிய காரியமே அல்ல. அதை விளங்கப்படுத்தத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் உடம்பிலே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு இழுவை இழுத்தவுடன் நிக்கொட்டின் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, சில செக்கன்களிலேயே மூளைக்குப் போய்ச் சேர்கிறது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் அதில் பெரும்பகுதி உடம்பை விட்டுப் போய்விடும். அந்த நாட்கள்தான் கடுமையானவை. எரிச்சல், கோபம், நித்திரையின்மை, அடங்காத பசி எல்லாம் வரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நாலு கிழமைகளில் இவை தணிந்துவிடும்.

அப்படியானால் நாலு வருடம் கழித்து வருகிற ஆசை எங்கேயிருந்து வருகிறது? அது ஞாபகத்திலிருந்து வருகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கற், அதாவது 20 சிகரட். ஒவ்வொன்றிலும் பத்து இழுவை என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 200 இழுவை. வருடத்துக்கு 73,000. எனது 21 வருடத்துக்குப் பார்த்தால் பதினைந்து இலட்சத்துக்கு மேலே. ஒவ்வொரு இழுவையும் ஏதோ ஒன்றோடு சேர்ந்துதான் போயிருக்கிறது. காலமைத் தேத்தண்ணியோடு, சாப்பிட்டுக் கை கழுவியதோடு, பஸ்ஸுக்குக் காத்து நின்றதோடு, சண்டை பிடித்த கோபத்தோடு. ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் சாப்பாடு வரும் சைகையைக் காட்டினாலே நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று நிரூபித்தாரல்லவா? அதேபோல எங்கள் மூளையும் பழகிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையைக் கண்டால் "சிகரட் எங்கே?" என்று கேட்கிறது.

இதற்கு வியட்நாம் யுத்தத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் ஹெரோயினுக்கு அடிமையானார்கள். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் நாடு திரும்பியபோது லீ ரொபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்து விசாரித்தார். எல்லோரும் பயந்ததுபோல நடக்கவில்லை. முதல் வருடத்தில் திரும்ப அடிமையானவர்கள் மிகச் சிலரே. இடம் மாறியது. பழகிய முகங்களும் பயமும் இல்லாமல் போயின. அவற்றோடு ஒட்டியிருந்த ஆசையும் பலருக்குக் குறைந்துவிட்டது.

எங்கள் நிலை இதற்குத் தலைகீழ். நாங்கள் ஊரை விட்டு வந்தோம். ஆனால் ஊர் எங்களை விடவில்லை. அங்கே விடிகிற நேரம் இங்கே நடுச்சாமம். அந்த நேரம் தொலைபேசி அடித்தால் நெஞ்சு திக்கென்கிறது. முந்திப் பிடித்தவனுக்குக் கை தானாகவே சட்டைப்பையைத் தடவுகிறது. செத்தவீட்டுக்குப் போனால், ஊர் வழக்கப்படி வெற்றிலைத் தட்டத்தோடு சிகரட்டையும் சுருட்டையும் கண்டு பழகிய கண்கள் அவற்றைத் தேடுகின்றன. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்குக் கடைதான் சீவியம். இங்கிலாந்தில் 2015 சித்திரை முதல் சின்னக் கடைகளிலும் சிகரட்டை மூடிவைக்கச் சட்டம் இருக்கிறது. வாங்க வருகிறவனுக்கு அது மறைப்புத்தான். ஆனால் கல்லாவில் நிற்கிற எங்கள் தம்பி அந்தக் கதவை ஒரு நாளைக்கு நூறு தரம் திறந்து மூடவேண்டுமே!

ஊருக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். நான் 2012 இல் போனேன். நிறுத்தி நாலு வருடம். இங்கே ஒரு தொல்லையும் இல்லை. அங்கே எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையடியில் ஒரு பெரியவர் சுருட்டுப் பத்திக்கொண்டு நின்றார். அந்த மணம் மூக்கில் பட்டதும், முதல் கிழமை வந்த அதே தவிப்பு அப்படியே திரும்பி வந்தது. நான் இங்கே பழகிய தேத்தண்ணிக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் சிகரட் இல்லையென்று மூளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தச் சந்திக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விசயம். கோயிலடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். போய்விட்டது. அடுத்த நாள் அதே கடையில் நின்று தேத்தண்ணி குடித்தேன். ஆசை பாதியாகிவிட்டது.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆசை என்பது கட்டளை அல்ல. அது பழைய ஞாபகம். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே தணிந்துவிடும். அலன் மார்லற் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கடல் அலைக்கு ஒப்பிட்டார். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். பெரிய அலைக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றால் விழுத்திவிடும். தாழ்ந்து கொடுத்தால் தலைக்கு மேலால் போய்விடும். "வராதே, வராதே" என்று ஆசையோடு மல்லுக்கு நிற்கவேண்டாம். "வந்திட்டியோ? சரி, போகும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்று இருங்கள். ஒவ்வொரு தடவையும் சிகரட் இல்லாமல் அந்த அலை கடந்து போகும்போது அடுத்த அலையின் பலம் குறைகிறது.

இனி, செய்யக்கூடிய சில காரியங்கள்.

உங்கள் ஆசை எந்த நேரம், எந்த இடத்தில் வருகிறது என்று ஒரு கிழமைக்கு ஒரு துண்டில் எழுதுங்கள். சாப்பிட்ட பிறகு வருகிறதா? கையோடு எழும்பிக் கோப்பையைக் கழுவுங்கள், பல்லுத் தீட்டுங்கள். தொலைபேசி பேசும்போது வருகிறதா? கையிலே ஒரு பேனையை வைத்துக்கொண்டு நடந்து நடந்து பேசுங்கள். வேலை இடைவேளையில் வருகிறதா? புகைக்கிறவர்கள் நிற்கிற வாசலை விட்டு மற்ற வாசலால் போங்கள். கொண்டாட்டங்களில் குடிவகை உள்ளே போனால் மன உறுதி வெளியே போய்விடும். ஆகவே முதல் சில மாதங்களுக்கு அதைத் தள்ளிவைப்பது நல்லது.

கோப்பி குடிப்பவர்களுக்கு ஒரு தகவல். சிகரட் புகை, கோப்பியில் உள்ள கஃபேனை உடம்பிலிருந்து கெதியாக வெளியேற்றும். சிகரட்டை விட்டவுடன் அந்த வேகம் குறைந்துவிடும். அதனால் வழக்கமாகக் குடிக்கிற அதே கோப்பி உடம்பில் கூட நேரம் நின்று படபடப்பையும் நித்திரையின்மையையும் தரும். அதைச் சிகரட் இல்லாத குறை என்று எண்ணிக் கலங்குகிறோம். கோப்பியைப் பாதியாக்கிப் பாருங்கள். சில மன நோய் மருந்துகளின் அளவும் இதேபோல மாறவேண்டி வரலாம். அப்படி மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

மருந்து உதவியைக் கேட்கவும் கூச்சப்படவேண்டாம். தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் ஒட்டு, சூயிங்கம், வாயில் அடிக்கிற ஸ்பிறே எல்லாம் இருக்கின்றன. ஒட்டு ஒன்றோடு, திடீரென்று ஆசை வரும்போது பாவிக்க இன்னொன்றையும் சேர்த்து எடுப்பது தனியே ஒன்றை எடுப்பதிலும் நல்ல பலன் தரும். "ஒட்டினாலும் அதே நஞ்சுதானே, கான்சர் வராதோ?" என்று சிலர் கேட்கிறார்கள். புற்றுநோயைத் தருவது புகையும் அதிலுள்ள தாரும் மற்ற நச்சுப் பொருட்களும்தான். ஆனால் சிகரட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை சப்புவது மாற்று வழி அல்ல. அது வாய்ப் புற்றுநோயைத் தரும். குடும்ப வைத்தியரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டால் உங்கள் பகுதியில் உள்ள இலவச உதவிச் சேவையைக் காட்டுவார்கள். மொழி ஒரு தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

"மனக் கவலைக்கு அதுதானே மருந்து" என்பது எங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்கிற கதை. யுத்தத்தையும் பிரிவையும் விசாச் சிக்கலையும் கண்டவர்களுக்குக் கவலை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிகரட் ஆற்றுவது, முந்திய சிகரட் உண்டாக்கிய தவிப்பைத்தான். பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2014 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்ததாகவே அது சொல்கிறது.

அடுத்தது, "ஒண்டே ஒண்டு". எனக்குத் தெரிந்த ஒருவர் ஆறு வருடம் தொடாமல் இருந்தவர். ஊரிலே தமையனின் செத்தவீட்டில் யாரோ நீட்டினார்கள், ஒன்று பத்தினார். திரும்பி வந்து இறங்கும்போது பழையபடி ஒரு நாளைக்கு ஒரு பக்கற். அந்த ஒன்று அவரை வீழ்த்தவில்லை. "ஒண்டு பத்தியாச்சு, இனி எல்லாம் போச்சு" என்ற எண்ணம்தான் வீழ்த்தியது. இரண்டு வருடத்தில் மாரடைப்பு வந்தது. தப்பிவிட்டார். இப்போது திரும்ப நிறுத்தியிருக்கிறார். ஊரில் கடைகளில் ஒற்றைச் சிகரட் வாங்கலாம். இங்கே 2017 வைகாசியிலிருந்து 20க்குக் குறைந்த பக்கற் விற்கமுடியாது. ஒன்றுக்கு ஆசைப்பட்டு வாங்கினால் மற்றப் பத்தொன்பதும் சட்டைப்பையில் இருந்து கூப்பிடும். ஆகவே வாங்கவே வேண்டாம். தவறிப் பத்திவிட்டாலும் அந்த ஒன்றோடு நிறுத்துங்கள். ஆறு வருடம் ஒரு சிகரட்டால் அழிந்து போகாது.

வீட்டிலே இருக்கிற அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். சட்டையை மணந்து பார்க்காதேங்கோ. "திரும்பத் தொடங்கிட்டியளோ?" என்று பொலிஸ் விசாரணை நடத்தாதேங்கோ. ஆசை வந்திருக்கிறது என்று மனுசன் வாய் திறந்து சொன்னால், அது நம்பிச் சொல்கிற சொல். "வாங்கோ, ஒரு சுற்று நடந்திட்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு போங்கோ. அந்தப் பத்து நிமிடம்தான் பெரிய மருந்து.

"எனக்கு அறுபது வயது, இனி விட்டு என்ன?" என்று கேட்கிற ஐயாமார் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். சேர் ரிச்சார்ட் டொல் என்ற அறிஞர் 34 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரித்தானிய ஆண் வைத்தியர்களை 1951 முதல் 50 வருடங்கள் தொடர்ந்து ஆராய்ந்தார். முடிவு 2004 இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழக்கிறார்கள். 50 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய ஆறு வருடத்தையும், 60 இல் விட்டவர்கள் மூன்று வருடத்தையும் மீட்டுக்கொள்கிறார்கள். மூன்று வருடம் என்றால் என்ன? பேரப்பிள்ளை நடை பழகி, பேச்சுப் பழகி, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற காலம்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பழக்கத்தின் ஞாபகம் வேண்டுமானால் அதுவரை வரட்டும். பழக்கம் வரவேண்டியதில்லை. இந்தச் சித்திரையில் நிறுத்த நினைப்பவர்கள் நிறுத்துங்கள். ஏற்கனவே நிறுத்தியவர்கள், ஆசை எட்டிப் பார்த்தால் பயப்படாதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள். தாங்கமுடியாமல் இருந்தால் எனக்கு அடியுங்கோ, நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை, எடுப்பேன்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.